சாயத்தின் இரகசியம் நூலான கதை: கிருஷ்ணசாமி வெங்கட்ராமனும் புனே ஆய்வகமும்

வேதியியல் படிக்கும் எவரும் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் சேர்மங்களுள் ஒன்று அனிலின். அச்சொல்லைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் அது இந்தியாவின் அவுரி வயலில் வந்து நிற்கும். வடமொழியின் ‘நீல’ பாரசீகத்தில் ‘நீல்’ ஆயிற்று. அரபியில் ‘அந்-நீல்’ என முன்னொட்டுப் பெற்றது. போர்த்துக்கீசியத்தில் ‘அனில்’ எனச் சுருங்கியது. 1840இல் ஃபிரிட்ஷே என்னும் வேதியியலர் அவுரி நீலத்தை எரிபொட்டாசுடன் சேர்த்து வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு நீர்மம் கிடைத்தது. அது எப்பொருளிலிருந்து வந்ததோ அப்பொருளின் பெயரை ஒட்டியே அதற்கு ‘அனிலின்’ என்று பெயரிட்டார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஒரு நீர்மமும் இதுவே என்பதை 1843இல் ஹோஃப்மன் மெய்ப்பித்தார். அவருடைய மாணவர் பெர்கின் 1856இல், தம் பதினெட்டாம் வயதில், கொயினா மருந்தைச் செயற்கையாக உருவாக்க முயன்று தோற்றபோது, அந்த அனிலினிலிருந்து ஊதா நிறச் சாயம் ஒன்று தற்செயலாகப் பிறந்தது. செயற்கைச் சாயத் தொழிலின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. வயலின் பெயரைச் சுமந்த ஒரு பொருள் வயலின் விளைச்சலை வெல்லப் புறப்பட்டதன் தொடக்கமும் அதுவே.

இவ்வரலாற்றின் பிற்பகுதியில் ஒரு தமிழரின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. கிருஷ்ணசாமி வெங்கட்ராமன் 1901இல் சென்னையில் பிறந்தார். மான்செஸ்டர், லாகூர், பம்பாய் எனப் பல நகரங்களைக் கடந்து, தம் வாழ்நாளின் கடைசிக் கால் நூற்றாண்டைப் புனேயில் கழித்தார். புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர் அவரே. கரிம வேதியியல் மாணவர்களுக்கு அவர் பெயர் ‘பேக்கர்–வெங்கட்ராமன் மறுசீரமைப்பு’ என்னும் வினையின் பின்பாதியாக மட்டுமே தெரியும். வேதியியலுக்கு வெளியே உள்ளோருக்குப் பெரும்பாலும் அதுவும் தெரியாது. ஆனால் தொழில்நுட்ப வரலாற்றில் அவருக்குரிய இடம் அவ்வினையைவிடப் பெரியது. தொழிற்கூடங்களின் மதில்களுக்குள் இரகசியமாக அடைபட்டுக் கிடந்த சாய அறிவை எவரும் எடுத்துப் படிக்கத்தக்க பொதுநூலாக மாற்றியதே அவர் செய்த பெரும்பணி. அப்பணியின் பொருளை உணர, அந்த இரகசியம் முதலில் யாரிடம் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை, வெளுக்காத சாயத்தைப் பருத்தியில் ஏற்றும் கலையில் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களுக்கு நிகர் ஐரோப்பாவில் இல்லை. கம்பளியும் பட்டும் சாயத்தை எளிதாக ஏற்கும்; பருத்தி ஏற்காது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் துணியை ஊறவைத்தல், படிகாரத்தால் நிறம் ஏற வேண்டிய இடத்தைக் குறித்தல், பின்னர் சாயவேர்க் கொதிநீரில் இட்டுச் சிவப்பைப் பிடிக்கவைத்தல் என நீண்ட வரிசையில் அமைந்த வேலை அது. ஒரு படியில் பிழை நேர்ந்தாலும் முதல் சலவையிலேயே சாயம் வெளுத்துவிடும். மறைத்துவைத்த பொய் அம்பலமாவதைத் தமிழ் இன்றும் ‘சாயம் வெளுத்தது’ என்றுதான் சொல்கிறது. நிறம் நிலைத்து நிற்பதே சாயத்தின் மெய்ம்மைக்கு அளவுகோல் என்னும் கருத்து அம்மரபுத்தொடரில் உறைந்திருக்கிறது. கடற்கரை மணலில் விளைந்த சாயவேரின் பெயரும் ‘சாய’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே ‘சே’ என ஆங்கிலத்திற்குச் சென்றது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவ்வேரைத் தோண்டி எடுப்பதை டச்சு நிறுவனம் தன் வருவாய் இனமாகவே வைத்திருந்தது.

இவ்வறிவு எழுத்தில் இல்லை. கையிலும் கண்ணிலும் குடும்பத்திலும் இருந்தது. அதை எழுத்தில் பிடித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்து. வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன மொழிகளுக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னரே சுட்டிக்காட்டியவர் என மொழியியல் மாணவர்கள் அறிந்திருக்கும் அதே கேர்துதான். சாயத்தொழில் செய்த கிறித்தவர்களிடம் கேட்டறிந்து, துணியை வெளுப்பது முதல் நிறமேற்றி முடிப்பது வரையுள்ள ஒவ்வொரு படியையும் 1742இல் அவர் நீண்ட கடிதமாக எழுதினார். கடிதம் பிரான்சில் அச்சாயிற்று. சாயக்காரர்களின் தொழில் இரகசியம் அவர்களுடைய பெயர்கள் இல்லாமலே கடல் கடந்தது. இந்நிகழ்வை நினைவில் இருத்திக்கொள்வது நல்லது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இதன் எதிர்த்திசைப் பயணம் ஒன்று நிகழவிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோதனைக்குழாய் வயலை வென்றது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் சேர்மத்தை 1868இல் ஜெர்மனியின் கிரேபேயும் லீபர்மனும் செயற்கையாக உருவாக்கினர். மறு ஆண்டிலேயே அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. அவுரி நீலம் சற்றுத் தாமதமாக வீழ்ந்தது. அடால்ஃப் ஃபான் பேயர் அதன் அமைப்பை 1883இல் உறுதிப்படுத்தினார், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் தென்னார்க்காட்டிலும் அவுரித் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டன. 1917இல் சம்பாரணில் காந்தி விசாரித்த உழவர் துயரத்தின் பின்னணியிலும் இந்த வேதியியல் இருக்கிறது. நீலத்தின் விலை சரிந்தபோது தோட்ட முதலாளிகள் தங்கள் இழப்பைக் குத்தகையாளர்களின் தலையில் இறக்கினர். இதன் பின்னர் இந்திய ஆலைகள் நெய்த துணிக்கு நிறம் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து சேர்ந்தது. தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அதன்மேல் ஒட்டியிருந்த வணிகப் பெயர் சொல்லவில்லை. ஒரே சேர்மம் பத்து நிறுவனங்களில் பத்துப் பெயர்களில் விற்கப்பட்டது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் வெங்கட்ராமனுக்கு ஒரு தலைமுறை முந்தியவர் குஜராத்தைச் சேர்ந்த த. க. கஜ்ஜர். சாயாஜிராவ் மன்னரின் ஆதரவில் 1890இல் பரோடாவில் தொடங்கப்பெற்ற கலாபவனில் சாயத்தொழிலும் வேதித் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட்டன. அங்குக் கலையும் கைத்தொழிலும் வேதியியலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அறிவியல் நூல்களைக் குஜராத்தியில் கொண்டுவரவும் கஜ்ஜர் முனைந்தார். அவர் பெயர் புனேயின் அரசியலையும் ஒருமுறை தொட்டது. 1896இல் பம்பாயில் இருந்த விக்டோரியா அரசியின் பளிங்குச் சிலைமீது தார் பூசப்பட்டது. அதைச் செய்தவர்கள் புனேயைச் சேர்ந்த சாபேகர் சகோதரர்கள். கறையைப் போக்கும் வழியைக் கண்டு சிலையைத் தூய்மை செய்தவர் கஜ்ஜர். பெர்கினின் ஊதா எந்தத் தாரிலிருந்து பிறந்ததோ அதே தார் அங்கே எதிர்ப்பின் கருவியாயிற்று; அதை அகற்றியவர் ஓர் இந்தியச் சாய வேதியியலர். காலனியக் காலத்தில் தொழில் அறிவு அரசியலிலிருந்து விலகி நிற்க முடியாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வெங்கட்ராமன் இப்பின்னணியில்தான் சாய வேதியியலைத் தேர்ந்தார். சென்னையில் முதுகலை முடித்தபின் அரசு உதவித்தொகை பெற்று 1923இல் மான்செஸ்டர் சென்றார். அந்நகரம் பருத்தி ஆலைகளின் தலைநகரம். சாயத் தொழில்நுட்பக் கல்வியும் அங்கே வலுவாக வேரூன்றியிருந்தது. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பிற்காலத்தில், 1947இல், நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சன். பூக்களின் சிவப்புக்கும் நீலத்துக்கும் காரணமான ஆந்தோசயனின்களைச் செயற்கையாக உருவாக்குவதில் ராபின்சனின் ஆய்வகம் அக்காலத்தில் முன்னணியில் நின்றது. ஆகவே தொழிற்சாலைச் சாயம், தாவரத்தின் இயற்கை நிறம் என்னும் இரண்டும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கப்பட வேண்டியவை என்னும் பயிற்சி அவருக்குத் தொடக்கத்திலேயே வாய்த்தது.

நாடு திரும்பியபின் லாகூரின் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் அவர் ஆசிரியரானார். வசதிகள் குறைந்த அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த ஆய்வே அவர் பெயரைப் பாடநூலில் நிறுத்தியது. தாவரங்களின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான ஃபிளேவோன் சேர்மங்களை ஆய்வகத்தில் உருவாக்குவது அக்காலத்தில் எளிதாக இல்லை. ஒரு மூலக்கூற்றில் ஆக்சிஜனுடன் பிணைந்திருக்கும் அசைல் தொகுதி, காரத்தின் முன்னிலையில் அருகிலுள்ள கார்பனுக்கு இடம்பெயர்கிறது. இவ்வாறு கிடைக்கும் டைகீட்டோனை அமிலத்தால் வளையமாக மூடினால் ஃபிளேவோன் உருவாகிறது. இம்மறுசீரமைப்பை இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் லாகூரில் மகாலும் வெங்கட்ராமனும் 1933–34இல் தனித்தனியே கண்டறிந்தனர். வினைக்கு இருவர் பெயரும் நிலைத்தது. பேராய்வகங்களுக்குத் தொலைவிலிருந்த ஒரு கல்லூரியின் பெயர் இதனால் கரிம வேதியியலின் வரலாற்றில் இடம்பெற்றது.

1934இல் அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறைக்கு வந்தார். முந்தைய ஆண்டில்தான் அத்துறை தொடங்கப்பட்டிருந்தது. நகரத்தின் பருத்தி ஆலைகளுக்குத் தேவையான ஜவுளி வேதியியலும் வேதிப் பொறியியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. முதல் தலைவர் ராபர்ட் ஃபார்ஸ்டருக்குப் பின் 1938இல் வெங்கட்ராமன் பொறுப்பேற்றார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அடுத்த பத்தொன்பது ஆண்டுகள் துறை அவர் கையில் வளர்ந்தது. அதற்குள் உலகப் போர் வந்தது. ஜெர்மானியச் சாயம் நின்றது. நிறத்துக்காகப் பிற நாட்டைச் சார்ந்திருப்பதன் பொருளை ஆலைகள் இரண்டாம் முறையாக உணர்ந்தன. முதல் உலகப் போரிலும் இதுவே நேர்ந்திருந்தது.

போர் முடிந்தபின் நடந்தது சாயத்தொழில் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் குழுமம் 1925இல் ஒன்றிணைந்தது முதல் உலகச் சாயச் சந்தையில் மேலாதிக்கம் செலுத்திவந்தது. அதன் லுட்விக்ஸ்ஹாஃபன், லெவர்குசன், ஹோக்ஸ்ட் ஆலைகளுக்குள் நேச நாடுகளின் வல்லுநர் குழுக்கள் நுழைந்தன. பதிவேடுகளைப் படித்தனர், பொறியாளர்களை விசாரித்தனர். எந்தச் சாயம் எந்த மூலப்பொருளிலிருந்து, எவ்வளவு வெப்பத்தில், எந்தக் கலனில் செய்யப்பட்டது என்பதை அறிக்கைகளாக வெளியிட்டனர். ‘பயாஸ்’, ‘ஃபியட்’ என்னும் சுருக்கப் பெயர்களால் அறியப்பட்ட அவ்வறிக்கைகளைப் பொதுமக்களும் விலைக்கு வாங்க முடிந்தது. 1742இல் சோழமண்டலச் சாயக்காரர்களின் முற்றத்தில் ஒரு துறவி செய்ததை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ரைன் ஆற்றங்கரையில் படைத்தரப்பின் உளவு அமைப்புகள் செய்தன. வென்றவர் தோற்றவரின் தொழில் இரகசியத்தைத் திறந்தார் என்பதுதான் இரண்டிடத்திலும் நிகழ்ந்தது எனக் கூறுவது முழுமையாகப் பொருந்தாது. 1742இல் அப்படியொரு போர் வெற்றி இருக்கவில்லை. ஆயினும் கையிலிருந்த அறிவை எழுத்து தன்வசப்படுத்தியது என்னும் அளவில் இரண்டும் ஒன்றே.

ஆனால் அறிக்கை நூலாகிவிடாது. அவை ஆயிரக்கணக்கான பக்கங்களில் சிதறிய குறிப்புகள். ஒரே பொருள் ஓர் அறிக்கையில் வணிகப் பெயரிலும், இன்னொன்றில் ஆலைக் குறியீட்டிலும், மற்றொன்றில் வேதிப் பெயரிலும் வந்தது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை ஒவ்வொன்றாக நிறுவுவது அகராதி தொகுப்பவரின் உழைப்பை ஒத்தது. காப்புரிமை ஆவணங்களையும் ஆய்விதழ்களையும் இவ்வறிக்கைகளையும் ஒப்பிட்டு வெங்கட்ராமன் எழுதிய ‘செயற்கைச் சாயங்களின் வேதியியல்’ என்னும் ஆங்கில நூலின் முதலிரு தொகுதிகள் 1952இல் நியூயார்க்கின் அகடெமிக் பிரெஸ் வெளியீடாக வந்தன. ஹார்வர்டின் லூயி ஃபீசரும் மேரி ஃபீசரும் பதிப்பாசிரியர்களாக இருந்த வரிசையில் அது இடம்பெற்றது. ரஷ்ய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. சாயத்தொழிலின் தலைநகரங்கள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருந்தன. அத்தொழிலின் அடிப்படை நூலோ பம்பாயின் மாட்டுங்காவில் எழுதப்பட்டது.

அந்நூலின் வரலாற்றுப் பொருளை அளவிடும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். காப்புரிமை ஓர் அறிவைச் சொத்தாக்குகிறது. தொழில் இரகசியம் அதைப் பூட்டிவைக்கிறது. பாடநூல் அதைக் கற்பிக்கத்தக்கதாக்குகிறது. புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு சொந்தமாகச் சாயம் செய்ய வேண்டுமானால் வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்வது ஒரு வழி. குஜராத்தில் கஸ்தூர்பாய் லால்பாய் நிறுவிய அதுல் நிறுவனம் அமெரிக்காவின் சயனமிட் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது அவ்வழியில்தான். தானே படித்துப் புரிந்துகொண்டு செய்யக்கூடிய வேதியியலர்களைப் பெருந்தொகையில் உருவாக்குவது மற்றொரு வழி. வெங்கட்ராமனின் துறையும் நூலும் இரண்டாம் வழிக்கு உரியவை. இரண்டும் ஒன்றையொன்று நம்பியே இயங்கின என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆலை இல்லாமல் பட்டதாரிக்கு வேலை இல்லை, பட்டதாரி இல்லாமல் ஆலை நெடுநாள் ஓடாது.

1957இல் அவர் புனே வந்தார். பாஷாண் பகுதியில் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு 1947 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், அடிக்கல் நாட்டப்பட்டது. 1950 ஜனவரி 3 அன்று நேரு அதைத் திறந்துவைத்தார். முதல் இயக்குநர் ஜேம்ஸ் மக்பேன். அடுத்தவர் ஜார்ஜ் ஃபிஞ்ச். 1922இல் எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் ஆக்சிஜன் உருளையைப் பயன்படுத்தியவர் என மலையேற்ற வரலாற்றிலும் இடம்பெற்றவர். இருவருக்கும் பின் இயக்குநரான வெங்கட்ராமன் 1966 வரை அப்பதவியில் இருந்தார். அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகங்களை நோக்கி அன்றும் இன்றும் எழுப்பப்படும் கேள்வி ஒன்றுண்டு: நாட்டின் பணத்தில் நடக்கும் ஆய்வு தொழிலுக்குப் பயன்பட வேண்டுமா, அறிவுக்குப் பயன்பட வேண்டுமா? இக்கேள்விக்கு வெங்கட்ராமனின் விடை அவருடைய ஆய்வுப் பட்டியலிலேயே இருக்கிறது. செயற்கைச் சாயங்களின் பெருநூலை எழுதியவர் புனேயில் பலா மரத்தையும் அரக்கையும் எடுத்துக்கொண்டார்.

பலாவின் வைரக்கட்டை மஞ்சள் நிறமுடையது. தமிழகத்தில் வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் ஆகும் மரம் அது. இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறம் தந்ததும் அதன் சீவல்களே. அம்மஞ்சளிலுள்ள மோரின் என்னும் சேர்மத்தை 1895இல் ஆராய்ந்தவர் ஊதாச் சாயம் கண்ட பெர்கினின் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்கின். சாயவேரையும் 1893இல் ஆராய்ந்தவர் அவரே. தந்தை இயற்கைச் சாயங்களின் சந்தையைச் சரித்த தொழிலைத் தொடங்கிவைத்தார். மகன் அச்சாயங்களின் அமைப்பைப் பதிவுசெய்தார். அப்பதிவில் விடுபட்டவற்றை நிறைவுசெய்யும் பணியைப் புனேயில் வெங்கட்ராமனின் குழு மேற்கொண்டது. பலாவின் கட்டையிலிருந்து ஆர்ட்டோகார்ப்பின், சைக்ளோஆர்ட்டோகார்ப்பின், முசுக்கட்டை மரப்பட்டையிலிருந்து மல்பெரின் முதலியவை எனப் பல ஃபிளேவோன்களின் அமைப்பு துலங்கியது. இவற்றுள் பலவும் ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் கிளையைத் தாங்கியவை. பலாவும் முசுக்கட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேதிச் சேர்மங்களும் அவ்வுறவைக் காட்டுகின்றன. சொற்களின் ஒப்புமையால் மொழிக்குடும்பத்தை நிறுவுவது போல, சேர்மங்களின் ஒப்புமையால் தாவரக் குடும்ப உறவைச் சோதிக்கும் முறை இது. லாகூரில் ஃபிளேவோனை உருவாக்கும் வழியைக் கண்டவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் இயற்கை அதை எத்தனை வடிவங்களில் உருவாக்கியிருக்கிறது என்பதைப் படித்தார்.

அரக்கின் கதையும் இத்தகையதே. அரக்குப் பூச்சி தரும் சிவப்புச் சாயம் ‘லாக்ஷா’ என்னும் வடசொல் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. ஓவியர்கள் பயன்படுத்தும் ‘லேக்’ என்னும் நிறமி வகையின் பெயரும் அதிலிருந்து வந்ததே. பல நூற்றாண்டுகள் துணியையும் ஓவியத்தையும் சிவப்பாக்கிய பொருளின் அமைப்பு 1960கள் வரை தெளிவாகவில்லை. லக்காயிக் அமிலங்கள் எனப்படும் அதன் கூறுகளை 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஒரு குழுவும் புனேயில் வெங்கட்ராமன், ஏ. வி. ராமா ராவ் முதலியோரின் குழுவும் ஆராய்ந்து தெளிவுபடுத்தின. அவை ஆந்த்ரகுயினோன் வகையைச் சேர்ந்தவை. சாயவேரின் அலிசரினுக்கு உறவினர். தொழிற்சாலைச் சாயங்களிலும் ஆந்த்ரகுயினோன் ஒரு பெரும்பிரிவு. இயற்கைச் சாயம், செயற்கைச் சாயம் என்னும் பிரிவு சந்தைக்கும் அரசியலுக்கும் முதன்மையானது. மூலக்கூற்றின் தளத்தில் அப்பிரிவுக்கு இடமில்லை. ஆகவே பலாவையும் அரக்கையும் ஆராய்ந்ததை முதுமையில் தோன்றிய மரபுப் பற்று என விளக்கிவிட முடியாது. ஆலையின் இரகசியத்தை எழுத்தில் கொணர்ந்தவர் மரத்தின் இரகசியத்தையும் எழுத்தில் கொணர்ந்தார், வேலை ஒன்றே.

பதவி ஓய்வுக்குப் பின்னும் அவர் புனே ஆய்வகத்திலேயே ஆராய்ந்தார், எழுதினார். 1970 முதல் 1978 வரை அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பெருநூலின் மூன்று முதல் எட்டு வரையுள்ள தொகுதிகள் வெளிவந்தன. முதலிரு தொகுதிகளைத் தனியொருவராக எழுதியவர், துறை தனியொருவரின் கைக்கு அடங்காத அளவு விரிந்துவிட்டதை ஏற்றுப் பல நாட்டு வல்லுநர்களை எழுதவைத்தார். 1961இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1981இல் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் மாணவர்களும் அடங்குவர். ராமா ராவ் பின்னாளில் ஹைதராபாத்திலுள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தின் இயக்குநராகி, மருந்துகளைக் குறைந்த செலவில் உருவாக்கும் வழிமுறைகளில் பெயர் பெற்றார். சாய வேதியியலிலிருந்து மருந்து வேதியியலுக்குச் செல்லும் பாதை ஜெர்மனியில் முன்பே போடப்பட்டது. சல்ஃபா மருந்துகளின் முன்னோடியான புரோன்டோசில், 1930களில் ஐ.ஜி. ஃபார்பன் ஆய்வகத்தில் டோமாக் கண்டறிந்த ஒரு சிவப்புச் சாயம்தான். இந்தியாவிலும் அதே பாதையில் ஒரு தலைமுறை நடந்தது. இன்று உலகின் மருந்துக் கடைகளுக்கு மாத்திரை அனுப்பும் தொழிலின் கால்வழியைத் தேடினால், பம்பாயின் சாய வகுப்பறையும் புனேயின் ஆய்வகமும் அதில் இடம்பெறும்.

குடும்பத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. அவருடைய மகள் தர்மா குமார் பொருளாதார வரலாற்றறிஞர். 1965இல் வெளிவந்த ‘தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்’ என்னும் அவருடைய ஆய்வு, நிலமற்ற வேளாண் கூலிகள் என்னும் வகுப்பை ஆங்கிலேய ஆட்சிதான் உருவாக்கியது என்னும் கருத்தை மறுத்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய வகுப்பு முன்னரே சாதியின் பிடியில் இருந்தது என்பதைக் காட்டியது. தந்தையின் துறையைப் பற்றி எழுதுவோருக்கும் அந்நூல் ஓர் எச்சரிக்கை. இந்தியச் சாயத்தின் கதையை ‘அந்நியர் எடுத்தனர், நம்மவர் மீட்டனர்’ என்று சுருக்குவது எளிது. ஆனால் தொட்டியில் கை நனைத்த சமூகங்களும் ஆய்வகத்துக்குள் நுழைந்த சமூகங்களும் ஒன்றல்ல. அறிவு நாட்டுக்குத் திரும்பி வந்தது. அது யாரிடமிருந்து சென்றதோ அவர்களிடம் திரும்பியதா என்பது வேறு கேள்வி.

அக்கேள்வியைத் திருப்பூரில் வைத்துப் பார்க்கலாம். பெருநூலின் ஆறாம் தொகுதி, 1972இல் வந்தது, வினைபுரி சாயங்களைப் பற்றியது. 1956இல் அறிமுகமான இச்சாயங்கள் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன; அதனால் எளிதில் வெளுப்பதில்லை. திருப்பூரின் பின்னலாடைகளுக்கு நிறம் தருபவை பெரும்பாலும் இவையே. சாயத்தை இழையை நோக்கித் தள்ள உப்பு மிகுதியாக வேண்டும். இழையில் ஒட்டாத சாயமும் உப்பும் கழிவுநீரில் சேரும். அக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உப்பு ஏன் தேவை, எவ்வளவு சாயம் இழையில் ஏறாமல் போகும் என்பன வேதியியலருக்குத் தெரியாத செய்திகள் அல்ல, பொதுநூலில் இருப்பவையே. பட்டறையில் நின்றவருக்கும் ஆற்றோரத்தில் பயிரிட்டவருக்கும் அந்நூல் எட்டவில்லை. நூலகத்துக்கும் பட்டறைக்கும் இடைப்பட்ட தொலைவை வெங்கட்ராமனின் குறையாக எண்ணுவது நேர்மையாகாது. அதே சமயம் அத்தொலைவைப் பேசாமல் அவர் பணியை மதிப்பிடுவதும் முழுமையாகாது.

கஜ்ஜர் சாய அறிவைக் குஜராத்தியில் சொல்ல முனைந்தார்; வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் உலகுக்குச் சொன்னார். முதலாமவரின் முயற்சி ஒரு வட்டாரத்தோடு நின்றது. இரண்டாமவரின் முயற்சி உலகெங்கும் சென்று, சாயக்காரரின் மொழியை வந்தடையவில்லை. எட்டுத் தொகுதிகளில் ஒன்றேனும், அல்லது அவற்றின் சுருக்கமேனும், சாயவேர் என்னும் சொல்லை உலகுக்குக் கொடுத்த தமிழில் வருமானால், 1742இல் கரையை விட்டுப் புறப்பட்ட அறிவின் பயணம் நிறைவுபெறும். சென்னையில் பிறந்து புனேயில் ஆராய்ந்த அந்த வேதியியலருக்குத் தமிழ்க் கல்விப்புலம் செலுத்தத்தக்க கடனும் அதுவே.